மடாதிபதிகளும் பாப்பரசரின் பட்டயங்களும்



ஐரோப்பாவின் பழைய கோயில்களில் உள்ள கல்லறைச் சிற்பங்களின் படங்களை உங்களிற் பலர் வரலாற்று நூல்களிற் பார்த்திருக்கலாம். கையில் வளைந்த தலையுடைய கோல், விரலில் மோதிரம், தலையில் முன்னும் பின்னுமாக இரு கூர்கள் எழுந்த மகுடம். இக்கோலத்தைக் கண்டதும், இவர் ஒரு மேற்றிராணியார், அதாவது இக்காலத்தில் ஆயர் என்று நாம் வழங்கும் பதவியினர் என்று எண்ணுவோம். ஆனால் அடியிற் பொறித்துள்ள எழுத்தைப் படித்தால், சில வேளைகளில் அவர் ஆயர் அல்லர், ஒரு துறவி மடத்தின் தலைவர் என்பது தெரியவரும். ஆயருக்குரிய அணிகள் மடாதிபதிக்கு எவ்வாறு வந்தன? அவற்றை அளித்தவர் யார்? அவற்றுக்காக மடங்கள் கொடுத்த விலை என்ன? இவையே இன்று நாம் ஆராயவிருக்கும் வினாக்கள்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக் கொள்வோம். மேலை நாட்டுத் துறவி மடங்களிற் பெரும்பாலானவை புனித பெனடிக்டு வகுத்த ஒழுங்கு நூலைப் பின்பற்றின. அவர் ஆறாம் நூற்றாண்டில், இத்தாலியில் மான்டே கஸ்ஸீனோ என்னும் மலைமேல் மடம் அமைத்து வாழ்ந்தவர். அவருடைய ஒழுங்கின்படி மடாதிபதி மடத்துத் துறவிகளுக்குத் தந்தை. துறவிகளே அவரைத் தேர்ந்தெடுப்பர். தேர்ந்தெடுத்த பின் அவருக்குக் கீழ்ப்படிவர். ஆயினும் அம்மடம் ஓர் ஆயரின் ஆட்சி எல்லைக்குள் இருந்தது. 451-ஆம் ஆண்டிற் கூடிய கால்சிடோன் பொதுச்சங்கம், அந்தந்த ஊர்த் துறவிகள் அந்தந்த ஊர் ஆயருக்கு அடங்கியிருத்தல் வேண்டும் என்று விதித்தது. துறவிக்குக் குருப்பட்டம் அளிப்பவர் ஆயர்; மடத்துக் கோயிலை அர்ச்சிப்பவர் ஆயர்; திருத்தைலம் வழங்குபவர் ஆயர்; மடத்திற்கு வந்து குறைகளை விசாரித்துத் திருத்துபவரும் ஆயரே.

இந்த ஏற்பாடு நல்ல ஆயரிடம் நன்றாகவே நடந்தது. எல்லா ஆயரும் நல்லவராக இருப்பரோ? மடங்களுக்கு நிலம் இருந்தது. அரசரும் பிரபுக்களும் அளித்த கொடைகள் இருந்தன. விசாரணைக்கு வரும் ஆயர் பெரும் பரிவாரத்துடன் வந்து தங்கினால், அவருடைய குதிரைகளுக்குக் கொள்ளு முதல் ஆட்களுக்கு விருந்து வரை மடத்தின் தலையிலே விழும். தமக்கு வேண்டியவரை மடாதிபதியாக்க விரும்பிய ஆயரும் உண்டு. மடத்தின் சொத்தைத் தம் சொத்தாகக் கருதிய ஆயரும் உண்டு. எனவே மடங்கள் ஆயருக்கு மேலான ஒருவரின் பாதுகாப்பை நாடின. அவரே உரோமாபுரியிலிருந்த பாப்பரசர்.

அறியப்பட்ட முற்கால எடுத்துக்காட்டுகளில் ஒன்று வட இத்தாலியிலுள்ள பொப்பியோ மடம். அயர்லாந்துத் துறவி கொலும்பானுஸ் அதனை நிறுவினார். அண்டையிலிருந்த ஆயர் அதனைத் தம் ஆட்சிக்குட்படுத்த முனைந்தபோது, மடாதிபதி உரோமாபுரிக்குச் சென்று முறையிட்டார். முதலாம் ஹொனோரியுஸ் என்னும் பாப்பரசர் 628-இல் அம்மடத்தை ஆயரின் ஆட்சியிலிருந்து விலக்கித் தம் நேர் ஆட்சியின்கீழ் வைத்துக்கொண்டார். ஜெர்மனியிலுள்ள புல்டா மடம் 751-இல் இத்தகைய பட்டயம் பெற்றது.

இதன்பின் வந்தது பிரான்சு நாட்டில் பர்கண்டிப் பகுதியிலுள்ள குளூனி. 910-இல் அக்குவித்தேன் கோமகன் வில்லியம் அதனை நிறுவியபோது, தாமோ தம் சந்ததியாரோ எந்த ஆயரோ அம்மடத்தின் உடைமைகளைத் தீண்டலாகாது என்று எழுதி, அதனைப் புனித பேதுரு, பவுல் என்னும் இரு திருத்தூதர்க்கே உரித்தாக்கினார். அதன் அடையாளமாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்துப் பொற்காசு உரோமாபுரிக்குச் செலுத்தப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அங்குள்ள திருத்தூதர் கோயில் விளக்குகளுக்கான சிறு காணிக்கை அது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பாதுகாப்பு வேறு, விலக்குரிமை வேறு. பாதுகாப்பு என்பது மடத்தின் சொத்தைப் பிறர் கவராதபடி காக்கும் வேலி. விலக்குரிமை என்பது ஆயரின் ஆன்மிக ஆட்சியிலிருந்தே மடத்தை வெளியே எடுத்துவிடுவது. குளூனி முதலிற் பெற்றது வேலி. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் விலக்குரிமையும் கிட்டியது. 1024-இல் பத்தொன்பதாம் யோவான் என்னும் பாப்பரசர், குளூனித் துறவிகள் எங்கே வாழ்ந்தாலும் அவர்களுக்கு அவ்வுரிமை உண்டு என்று அதனை விரிவாக்கினார்.

ஆயர்கள் இதனை வாளா ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மறு ஆண்டே, 1025-இல், ஆன்ஸ் என்னும் ஊரில் ஆயர்கள் கூடினர். தம் எல்லைக்குள் இருக்கும் குளூனித் துறவிகளுக்கு வேறொரு பேராயர் குருப்பட்டம் அளித்துவிட்டதாக மாக்கோன் ஆயர் முறையிட்டார். குளூனியின் தலைவர் ஓடிலோ பாப்பரசரின் பட்டயத்தை எடுத்துக் காட்டினார். ஆயர்களோ கால்சிடோன் சங்கத்தின் விதியை எடுத்துப் படித்து, அவ்விதிக்கு மாறான பட்டயம் செல்லாது என்று தீர்ப்புரைத்தனர். பழைய பொதுவிதி பெரிதா, புதிய தனிச்சலுகை பெரிதா என்னும் இவ்வழக்கு, அன்று ஒரு மடத்தின் வழக்காகத் தோன்றினாலும், ஐந்நூறு ஆண்டுகள் ஓயாமல் நடந்த வழக்காகும்.

ஆயரின் ஆட்சியினின்று விடுபட்ட மடாதிபதிக்கு அடுத்துத் தோன்றிய ஆசை, ஆயரைப் போலவே தோன்றவேண்டும் என்பது. மகுடம், மோதிரம், கையுறை, சிறப்புக் காலணி ஆகியவை ஆயருக்குரிய அணிகள். இவற்றை அணியும் உரிமையைப் பாப்பரசர்கள் மடாதிபதிகளுக்கு வழங்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் கேன்டர்பரி நகரத்துப் புனித அகுஸ்தீன் மடத்தின் தலைவர் 1063-இல் மகுட உரிமை பெற்றது இதன் முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. குளூனித் தலைவர் ஹியூ, தம் மடத்திலே துறவியாயிருந்து பாப்பரசரான இரண்டாம் உர்பானிடமிருந்து 1088-இல் அவ்வுரிமை பெற்றார்.

அணிகள் பெருகவே, அணிந்தவருள் உயர்ந்தவர் யார் என்னும் வினா எழுந்தது. 1116-இல் உரோமாபுரியின் லாத்தரன் மாளிகையிற் கூடிய சங்கத்தில், குளூனித் தலைவர் போன்ஸ் தம்மை 'மடாதிபதிகளின் மடாதிபதி' என்று கூறிக்கொண்டார். பாப்பரசரின் செயலாளராயிருந்த கயேத்தா யோவான் அவரை நோக்கி ஒரு வினா விடுத்தார். குளூனியிடமிருந்து மான்டே கஸ்ஸீனோ ஒழுங்கு நூலைப் பெற்றதா, மான்டே கஸ்ஸீனோவிடமிருந்து குளூனி பெற்றதா என்பதே அவ்வினா. விடை எல்லாரும் அறிந்ததே. ஆகவே அப்பட்டம் புனித பெனடிக்டின் சொந்த மடத்துத் தலைவருக்கே உரியது என்று முடிவாயிற்று. இந்தப் போன்ஸ் 1122-இற் பதவி துறந்தார். பின்னர் ஆட்களுடன் வந்து குளூனியை வலிந்து கைப்பற்றினார். 1126-இல் உரோமாபுரியிற் சிறையில் இறந்தார். பட்டத்தை விரும்பியவருக்கு வாய்த்த முடிவு இது.

இங்கிலாந்தில் இத்தகைய முதன்மை செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்குக் கிடைத்த வரலாறு சுவையானது. இங்கிலாந்திலிருந்து பாப்பரசரானவர் ஒருவரே. அவர் 1154 முதல் 1159 வரை ஆண்ட நான்காம் ஹத்ரியான். அவர் அம்மடத்துக்கு அண்மையிற் பிறந்தவர். இளமையில் அங்கே துறவியாகச் சேர விரும்பியபோது ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று அம்மடத்து வரலாறு கூறுகிறது. மடாதிபதி ராபர்ட்டு அவரைக் காணச் சென்றபோது பொன்னும் வெள்ளியும், கிறிஸ்தினா என்னும் துறவினி அழகுறச் செய்துதந்த மூன்று மகுடங்களும் காலணிகளும் காணிக்கையாகக் கொண்டுபோனார். பாப்பரசர் மகுடங்களையும் காலணிகளையும் மட்டும் ஏற்றார். அன்று நீங்கள் என்னை ஏற்கவில்லை, இன்று உங்கள் பொருளை நான் ஏற்கவில்லை என்னும் கருத்துப்படச் சிரித்துக்கொண்டே கூறினாராம். உம்மை இறைவன் பெரிய இடத்துக்கென்று வைத்திருக்கையில் எங்களால் எவ்வாறு ஏற்க இயலும் என்று ராபர்ட்டு விடையிறுத்தாராம். 1156-இல் அம்மடம் லிங்கன் ஆயரின் ஆட்சியிலிருந்து விலக்குப் பெற்றது. இங்கிலாந்தின் முதல் இரத்த சாட்சி புனித ஆல்பன் என்பதால், அவர் பெயர்கொண்ட மடத்தின் தலைவரே ஆங்கில மடாதிபதிகளுள் முதல்வர் என்ற சிறப்பையும் அவரிடமிருந்தே அம்மடம் பெற்றது.

மகுடங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நான்காம் கிளமெந்து என்னும் பாப்பரசர் ஒரு வரையறை செய்தார். மணிகள் பதித்த மகுடம் சங்கங்களில் ஆயருக்கே உரியது; விலக்குரிமை பெற்ற மடாதிபதி பொன்னிழைக் கரையிட்ட மகுடம் அணியலாம்; விலக்குரிமை இல்லாதவர் வெறும் வெண்மகுடம் அணிதல் வேண்டும். சபையில் அமர்ந்திருப்போரின் தலையைப் பார்த்தே தரத்தை அறிந்துகொள்ளலாம்.

மாணவர் அடிக்கடி மயங்கும் ஓரிடத்தையும் இங்கே விளக்கிவிடுகிறேன். மகுடம் அணிந்த மடாதிபதிகள் அனைவரும் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் அமர்ந்தனர் என்று சிலர் எழுதுவர். அது சரியன்று. மகுடம் பாப்பரசர் தந்தது. பாராளுமன்ற அழைப்பு அரசர் அனுப்புவது. ஒன்று திருச்சபைச் சலுகை. மற்றொன்று அரசியற் கடமை. இரண்டும் பல வேளைகளில் ஒருவரிடமே சேர்ந்திருந்தன என்பது வேறு செய்தி.

துறவிகளிலேயே இந்நிலையைக் கண்டு வருந்தியவர் உண்டு. அவருள் தலைசிறந்தவர் கிளேர்வோ மடத்துத் தலைவர் புனித பெர்னார்டு. தாழ்மையை விரதமாக மேற்கொண்டவர் மகுடத்துக்கும் மோதிரத்துக்கும் காலணிக்கும் பொருள் செலவிட்டு அலைவது தகுமோ என்று அவர் கடிந்தார். தம் மாணவரான மூன்றாம் யூஜீன் பாப்பரசரான பின் அவருக்கு எழுதிய நூலிலும், மடாதிபதியை ஆயரிடமிருந்தும், ஆயரைப் பேராயரிடமிருந்தும் பிரித்தெடுத்தால் உடலின் உறுப்புகள் இடம் மாறியது போலாகும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். பாப்பரசருக்கு அதிகாரம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதிகாரம் உண்டென்பதாலேயே அதனை எங்கும் பயன்படுத்துதல் நன்றாகாது என்றார்.

சலுகைக்கு விலையும் உண்டு. விலக்குரிமை பெற்ற மடத்துக்கு அண்மையில் மேலாளர் இல்லை. ஆகவே புதிய தலைவரை உறுதிப்படுத்த வேண்டியவர் பாப்பரசரே. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் 1257-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட லூட்டன் சைமன் இதற்காகவே உரோமாபுரிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. அப்பயணத்துக்கும் உறுதிப்பாட்டுக்கும் ஆன செலவு 2000 மார்க் என்று அம்மடத்து வரலாறு குறிக்கிறது. ஒரு மார்க் என்பது ஒரு பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. பக்கத்து ஊர் ஆயரின் குதிரைகளுக்குக் கொள்ளு வைப்பதற்கு அஞ்சிய மடம், ஆல்ப்ஸ் மலை கடந்து பொருளைக் கொண்டுபோய்க் கொட்டியது.

வேறொரு கேடும் விளைந்தது. உரிமை முழுவதும் ஓலையில் இருப்பதால், ஓலை இல்லாதவர் ஓலையைப் புனைந்தனர். சுவாசோன் நகரத்துத் துறவி ஒருவர், கேன்டர்பரியின் புனித அகுஸ்தீன் மடத்துக்குப் பொய்ப் பட்டயங்கள் எழுதிக் கொடுத்ததாக மரணப் படுக்கையில் ஒப்புக்கொண்டார். இச்செய்தியை ஓர் ஆயர் பாப்பரசருக்கு எழுதித் தெரிவித்தார்.

இவை எல்லாவற்றையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது இங்கிலாந்தின் வூஸ்டர் ஆயரின் எல்லையிலிருந்த ஈவ்ஷாம் மடத்தின் வரலாறு. எழுதியவர் அம்மடத்துத் துறவியும் சட்ட அறிஞருமான மார்ல்பரோ தாமஸ். 1190-இல் அம்மடத்துக்கு ரோஜர் நோரிஸ் என்பவர் தலைவராக வந்தார். துறவிகள் தேர்ந்தெடுத்து வந்தவர் அல்லர். அரசர் அளித்து வந்தவர். அவர் மடத்து வருவாயைத் தம் விருப்பப்படி செலவிட்டார். துறவிகள் சில நாள் உலர்ந்த ரொட்டியும் நீருமே உண்டனர். உடையின்மையால் வழிபாட்டுக்கு வர இயலாதவரும் இருந்தனர் என்கிறார் தாமஸ்.

இந்நிலையில் 1202-இல் வூஸ்டர் ஆயர் மோகர், மடத்தை விசாரிக்க வருவதாக அறிவித்தார். துறவிகளின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். ஆயரை உள்ளே விட்டால் தீய தலைவரிடமிருந்து விடுதலை கிடைக்கலாம். ஆனால் தங்கள் மடம் ஆயருக்கு உட்பட்டது என்று என்றென்றைக்கும் ஒப்புக்கொண்டதாகும். தடுத்தால் உரிமை நிலைக்கும், தலைவரும் நிலைப்பார். பசித்த வயிற்றுடன் அவர்கள் கூடி ஆராய்ந்து, ஆயரைத் தடுப்பது என்றே முடிவு செய்தனர். ஆயர் அவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினார். அவர்கள் அசையவில்லை. தங்களைக் கொடுமைப்படுத்திய அதே தலைவருடன் ஒரே அணியில் நின்று வழக்காடினர்.

வழக்கு உரோமாபுரிக்குச் சென்றது. அங்கே மூன்றாம் இன்னொசெந்து என்னும் பேரறிஞர் பாப்பரசராயிருந்தார். தாமஸ் திறமை மிக்க வழக்கறிஞர் நால்வரை முன்னதாகவே அமர்த்திக் கொண்டார். ஆயரின் வழக்கறிஞர், தமக்கு எவரையும் மிச்சம் வைக்கவில்லை என்று முறையிட, உரோமாபுரி மன்றத்தில் வழக்கறிஞர்க்குப் பஞ்சம் வந்ததே இல்லை என்று பாப்பரசர் புன்னகை புரிந்தார். ஆயரின் உரிமை எத்தனை காலம் பயன்படுத்தப்படாமல் இருந்தாலும் அழியாது என்று கல்விக்கூடத்திற் கற்றதாக அவ்வழக்கறிஞர் வாதித்தபோது, அதனைக் கற்கும் வேளையில் நீரும் உம் ஆசிரியர்களும் ஆங்கிலப் பீர் மிகுதியாகக் குடித்திருந்தீர்கள் போலும் என்று பாப்பரசர் கூறினார்.

பிறகு பட்டயங்கள் வந்தன. மறுதரப்பு அவை பொய் என்றது. பாப்பரசர் தம் கையாலேயே முத்திரையையும் தோலையும் இழுத்துப் பார்த்தார். கர்தினால்மாரிடமும் கொடுத்துப் பார்க்கச் செய்தார். மெய்யானவை என்று அறிவித்தார். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அன்று காட்டப்பட்ட பட்டயங்கள் பிற்காலத்திற் புனையப்பட்டவை என்பது இக்கால ஆராய்ச்சியாளர் முடிவு. 1205-இல் தீர்ப்பு மடத்துக்குச் சார்பாக வந்தது. நோன்பிருந்து காத்திருந்த தாமஸ் தீர்ப்பைக் கேட்டதும் மகிழ்ச்சியாலும் களைப்பாலும் பாப்பரசரின் முன்னே சோர்ந்து விழுந்தார். வென்ற பட்டயங்களோ உடனே ஊர் திரும்பவில்லை. வழக்குச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக அவை உரோமாபுரி வட்டிக்காரரிடம் அடகாகத் தங்கின.

வெற்றிக்குப் பின் ரோஜர் நோரிஸ் என்ன ஆனார்? முன்போலவே ஆண்டார். இப்போது அவரைக் கேட்க அண்மையில் எவருமே இல்லை. மேலும் எட்டு ஆண்டுகள் கழித்து, 1213-இல், பாப்பரசரின் தூதராக வந்த கர்தினால் நிக்கோலாஸ் மடத்துக்கு வந்து அமர்ந்தபோதுதான், தாமஸ் எழுந்து தலைவரின் குற்றங்களை அடுக்கி உரைத்தார். நோரிஸ் பதவி நீக்கப்பட்டார். அவருக்குப் பின் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? எந்த வூஸ்டரின் கையிலிருந்து தப்ப இத்தனை பாடுபட்டார்களோ, அந்த வூஸ்டர்க் கோயில் மடத்திலிருந்து வந்த ராண்டல்ப் என்பவரே. அவருக்குப் பின் 1229-இல் தாமஸ் தாமே தலைவரானார்.

நெடுங்காலம் ஆசிரியனாயிருந்தவன் என்ற முறையில் இவ்வரலாற்றை நான் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆய்வாளர் வராத பள்ளி தலைமையாசிரியருக்கு இன்பமாயிருக்கும். பிள்ளைகளுக்கு நன்மையாயிருக்கும் என்று சொல்ல இயலாது. விலக்குரிமை என்னும் மதில் வெளியிலிருந்து வரும் கொடுமையைத் தடுத்தது. அதே மதில் உள்ளே நடக்கும் கொடுமையை வெளியார் காணாதபடியும் மறைத்தது. உரோமாபுரி நீதி வழங்காத இடமன்று. ஆனால் அது தொலைவில் இருந்தது. தொலைவிலுள்ள நீதியைப் பெறப் பொருளும் காலமும் வேண்டும். பசித்திருப்பவனிடம் இவ்விரண்டும் இரா.

இதற்குத் தீர்வு இல்லாமற் போகவில்லை. சிஸ்தர்சியத் துறவிகள் தொடக்கத்திலேயே வேறு வழி கண்டனர். தாய் மடத்தின் தலைவர் ஆண்டுதோறும் சேய் மடத்துக்கு வந்து விசாரிப்பார். மடாதிபதிகள் எல்லாரும் ஆண்டுக்கொருமுறை சீத்தோ என்னுமிடத்திற் கூடுவர். 1215-இல் மூன்றாம் இன்னொசெந்து கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் இம்முறையைப் பிற மடங்களுக்கும் விதித்தது. ஒவ்வொரு நாட்டிலும் மடாதிபதிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடி, மடங்களை விசாரிக்கத் தக்கவரை அமர்த்துதல் வேண்டும் என்றது. ஈவ்ஷாம் வழக்கைத் தீர்த்த பாப்பரசரே இவ்விதியையும் செய்தார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. 1563-இல் முடிவுற்ற திரெந்து சங்கம், பல விடயங்களில் விலக்குரிமை மடங்களையும் பாப்பரசரின் பிரதிநிதி என்ற முறையில் அவ்வூர் ஆயரே கவனிக்க வழி செய்தது.

இங்கிலாந்து மடங்களுக்கு அந்தச் சீர்திருத்தம் சென்று சேரவில்லை. எட்டாம் ஹென்றி அரசர் அதற்குள் அவற்றைக் கலைத்துவிட்டார். செயின்ட் ஆல்பன்ஸும் பரி செயின்ட் எட்மண்ட்ஸும் 1539-இல் முடிவுற்றன; ஈவ்ஷாம் 1540-இல். பாப்பரசரின் பட்டயம் அரசரின் ஆணையைத் தடுக்கவில்லை. குளூனி 1790-இற் பிரெஞ்சுப் புரட்சியின்போது மூடப்பட்டு, அதன் பெருங்கோயில் பின்னர்ப் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. 1893-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பெனடிக்டுத் துறவியருக்கு உரோமாபுரியில் ஒரு முதன்மை மடாதிபதியை ஏற்படுத்தினார். அவர் பிற மடாதிபதிகளை ஆள்பவர் அல்லர், ஒத்தாருள் முதல்வர். 'மடாதிபதிகளின் மடாதிபதி' என்னும் பெருமையுடைய மான்டே கஸ்ஸீனோவும், தன் ஆட்சியிலிருந்த பங்குகளை 2014-இல் அண்டை ஆயரிடம் ஒப்படைத்தது. இன்று அதன் ஆட்சி எல்லை மடத்தின் அளவே.

ஈவ்ஷாமில் இன்று எஞ்சி நிற்பவற்றுட் சிறந்தது ஒரு மணிக்கோபுரம். 110 அடி உயரமுள்ளது. மடத்தின் இறுதிக் காலத் தலைவர்களுள் ஒருவரான கிளெமெந்து லிச்பீல்டு அதனைக் கட்டினார். தாமஸ் எழுதிவைத்த வரலாறும் எஞ்சியிருக்கிறது. பட்டயத்தை வெல்ல அவர் பட்ட பாட்டை அதிற் படிக்கிறோம். அதே ஏட்டில், அவ்வெற்றியால் உணவு பெறாத துறவிகளின் துயரையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய நேர்மையால்தான், ஓர் உரிமையின் இரு பக்கங்களையும் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் எடைபோட்டுப் பார்க்க முடிகிறது.